அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் யார்?

1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைப் பார்த்த யாரிடமாவது, அதில் வரும் வாடகை வசூல்காரரை நினைவிருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம், "ஆமாம், அந்த ஒல்லிக் கண்ணாடிக்காரர், சிடுசிடுன்னு பேசுவாரே" என்பார்கள். முகம் வந்துவிடும், குரலும் வந்துவிடும். பெயர் மட்டும் வராது.

காட்சி இதுதான். ஊரில் பாதியை வளைத்துப்போட்ட பணக்காரக் கிழவர் பாட்டரின் அலுவலகம். அவருக்கு வீட்டு வாடகை வசூலித்துக் கொடுப்பவர் வந்து நிற்கிறார். முன்பு முயல் வேட்டையாடிக்கொண்டிருந்த பொட்டல் நிலத்தில் இப்போது வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் வந்துவிட்டன, அவற்றில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் உங்களுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள், இன்று சொந்த வீட்டுக்காரர்கள் என்கிறார். எனக்கென்ன வந்தது, நான் வெறும் வசூல்காரன். ஆனால் இப்படியே போனால் ஒருநாள் நானே அந்த ஜார்ஜ் பெய்லியிடம் போய் வேலை கேட்டு நிற்பேன் என்றும் சொல்கிறார். ஜார்ஜ்தான் படத்தின் நாயகன், எளியவர்களுக்குக் கடன் கொடுத்து அந்த வீடுகளைக் கட்டவைத்தவன். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இருக்காது. கொஞ்ச நேரத்தில் பாட்டர், ஜார்ஜைக் கூப்பிட்டு ஆண்டுக்கு 20,000 டாலர் சம்பளத்தில் வேலை தருகிறேன் என்று வலை விரிக்கிறார்.

கவனித்தால், அந்த வசூல்காரர் ஒரே மூச்சில் மூன்று வேலை செய்துவிட்டுப் போகிறார். பல ஆண்டுகளில் ஜார்ஜ் என்ன சாதித்தான் என்று நமக்குச் சொல்கிறார். பாட்டருக்குப் பயம் தட்டிவிட்டது என்று காட்டுகிறார். முதலாளி முகத்துக்கு நேராகவே இப்படிப் பேசுவதால், இவர் அங்கே எத்தனை காலம் குப்பை கொட்டியவர் என்பதும் புரிந்துவிடுகிறது. யாரும் அவரை நமக்கு அறிமுகம் செய்துவைக்கவில்லை. செய்யத் தேவையும் இல்லை. அந்த மூக்கையும் கண்ணாடியையும் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் கிடையாது.

அவர் பெயர் சார்லஸ் லேன். ஹாலிவுட் பேச்சில் 'கேரக்டர் ஆக்டர்' என்ற சொல் அடிக்கடி வரும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள இவருடைய தொழில் வாழ்க்கையைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

தமிழில் குணச்சித்திர நடிகர் என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் அதைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருபவை உருகவைக்கும் அப்பா, தியாகம் செய்யும் அண்ணன் போன்ற கனமான வேடங்கள். 'துணை நடிகர்' என்ற சொல்லோ நம் ஊரில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவர் என்று ஆகிவிட்டது. ஹாலிவுட்டின் கேரக்டர் ஆக்டர் இந்த இரண்டிலும் சரியாக அடங்க மாட்டார். கூட்டத்தில் வசனமில்லாமல் நிற்பவர் எக்ஸ்ட்ரா. ஒன்றிரண்டு வரி பேசுபவர் பிட் பிளேயர். அதற்கு மேலே துணை வேடம், அதற்கும் மேலே நட்சத்திரம். இவையெல்லாம் படிநிலைகள், அதாவது அந்தஸ்து. கேரக்டர் ஆக்டர் என்பது அந்தஸ்து இல்லை, ஒரு தொழில்வகை. ஒரே ஆள் ஒரு படத்தில் இரண்டு வரி பேசுவார், அடுத்த படத்தில் அரைப் படம் வருவார். இரண்டிலும் அவர் கேரக்டர் ஆக்டர்தான்.

என்ன தொழில் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த எளிய விடை இது: படத்துக்கு நேரம் மிச்சப்படுத்திக் கொடுக்கும் தொழில். நட்சத்திரத்தை மாற்றினால் படமே மாறிவிடும். கேரக்டர் ஆக்டரை மாற்றினால் காட்சி நீண்டுவிடும். புதுமுகம் ஒருவர் வங்கி மேலாளராக வந்தால், அவர் கறாரா இளகிய மனமா என்று காட்டத் தனியாக ஒரு காட்சி எழுத வேண்டும். சார்லஸ் லேன் கதவைத் திறந்துகொண்டு வந்தால் அந்தக் காட்சி தேவையில்லை. கடன் கிடைக்காது என்று அவர் உட்காருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

அவர் 1905 ஜனவரி 26 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். இயற்பெயர் சார்லஸ் லெவிசன். ஒரு வயதைத் தாண்டி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1906 ஏப்ரலில் அந்த ஊரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்தது. அதில் உயிர் தப்பி, நூறு வயது தாண்டியும் வாழ்ந்த மிகச் சிலரில் இவரும் ஒருவர். வளர்ந்ததும் இன்சூரன்ஸ் விற்கப் போனார். பிற்காலத்தில் அவர் ஏற்ற வேடங்களை நினைத்தால் இது வேடிக்கைதான்: நிஜ வாழ்க்கையில் கோப்பும் படிவமுமாக அலைந்த மனிதர், மீதி ஆயுளைத் திரையில் கோப்பும் படிவமுமாகவே கழித்தார்.

1929-இல், நடிகரும் இயக்குநருமான இர்விங் பிக்கெல் சொன்னதன் பேரில் நடிப்பின் பக்கம் திரும்பினார். பயிற்சி பாசடீனா பிளேஹவுஸ் என்ற நாடக அரங்கில். நேரம் பார்த்து வந்தவர் என்றே சொல்ல வேண்டும். படங்கள் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. மௌனப் படத்தில் முகம் இருந்தால் ஓட்டிவிடலாம். இப்போது இரண்டு வரியைத் தெளிவாக, வேகமாக, ஒரே டேக்கில் பேசுகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். நாடகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கிராக்கி கூடியது. 1931-இல் 'ஸ்மார்ட் மணி' படத்தில் ஒரு ஹோட்டல் கிளார்க்காக முதலில் தலைகாட்டினார். பெயர் போடவில்லை.

அந்தக் காலத்துத் தொழில்முறை தெரிந்தால்தான் மீதி விளங்கும். 1930-களில் அமெரிக்க ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஆண்டுக்கு நானூறு, ஐநூறு படம் எடுத்தன. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்பது வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய படங்களே ஏராளம். எந்தப் படமானாலும் அதில் ஒரு ஹோட்டல் வரவேற்பறை இருக்கும், ஒரு நீதிமன்றமோ பத்திரிகை அலுவலகமோ வங்கியோ இருக்கும். அங்கேயெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார ஆள் வேண்டும். நடிகர்களின் புகைப்படங்களைத் தொகுத்து, ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 1937-இலிருந்து ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டது. அதிலேயே நாயகர்கள், இளம் நாயகர்கள், குணச்சித்திர நடிகர்கள், நகைச்சுவையாளர்கள் என்று வகை பிரித்துத்தான் முகங்கள் இருக்கும். ஆள் எடுப்பவர் பக்கத்தைப் புரட்டி, கறாரான கிளார்க்கா, இதோ இவர் என்று விரல் வைப்பார்.

லேனுக்கு நாள் சம்பளம் 35 டாலர். சில நாட்களில் ஒரு ஸ்டுடியோவில் காலையில் ஒரு படம், மதியம் இன்னொரு படம். போகிறார், கண்ணாடியை மாட்டுகிறார், யாரையோ எரிச்சல்படுத்துகிறார், வீட்டுக்கு வருகிறார். எதில் நடித்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். மனைவியோடு படம் பார்க்கப் போய், திரையில் திடீரென்று தன்னையே பார்த்து ஆச்சரியப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. மொத்தம் 250-க்கும் மேற்பட்ட படங்கள், அதற்கு மேல் எண்ணற்ற தொலைக்காட்சித் தொடர்கள் என்றால் மறக்கத்தானே செய்யும்!

1934-இல் ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ட்வென்டியெத் செஞ்சுரி' படத்தில் கொஞ்சம் பெரிய வேடம் கிடைத்தது. ஜான் பாரிமோர் நடித்த நாடக முதலாளியிடம் வேலை பார்த்துப் பின்னால் போட்டியாளனாக மாறும் மாக்ஸ் ஜேக்கப்ஸ். அந்தப் பாத்திரம் மாண்டல்பாம் என்ற யூதப் பெயரை ஜேக்கப்ஸ் என்று மாற்றிக்கொண்டவன். அப்போது லெவிசன் என்ற பெயரிலேயே நடித்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச காலத்தில் தானும் லேன் ஆகிவிட்டார்.

சரி, கறாரான கிளார்க் வேடத்துக்கு அப்படி என்ன தேவை இருந்தது? இங்கேதான் காலம் உள்ளே வருகிறது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் உச்சத்தில், 1933-இல், அமெரிக்க உழைப்பாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் மூடிக்கொண்டன. வீடும் நிலமும் கடனில் மூழ்கின. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலே பார்த்து, "முடியாது" என்று சொல்கிற மனிதரை அன்றைய பார்வையாளர்கள் எல்லோரும் நேரில் சந்தித்திருந்தார்கள். லேனின் முகம் அந்த மனிதரின் முகம். எளிய மனிதர்களின் பக்கம் நின்று கதை சொன்ன காப்ரா, மறுபக்கத்துக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் இவரைக் கூப்பிட்டதில் வியப்பில்லை.

இவரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது காப்ராவின் இன்னொரு படம். 1938-இன் 'யூ கான்ட் டேக் இட் வித் யூ'. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. இதில் லேன், ஹென்டர்சன் என்ற வருமான வரி அதிகாரி. வீட்டுக்குள் பட்டாசு தயாரிப்பு, பாலே நடனம் என்று கூத்தடிக்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டுத் தாத்தா பல ஆண்டுகளாக வரியே கட்டவில்லை. அதிகாரி கேட்க வருகிறார். நான் பணம் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று தாத்தா கடைக்காரரிடம் விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்கிறார். அதிகாரி ராணுவம், கடற்படை, போர்க்கப்பல்கள், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), உச்ச நீதிமன்றம் என்று அடுக்குகிறார். போர்க்கப்பலைக் கடைசியாக ஸ்பெயினோடு நடந்த சண்டையில்தான் பயன்படுத்தினோம், கியூபா கிடைத்தது, அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்கிறார் தாத்தா.

முதல் தடவை பார்க்கும்போது சிரிப்பு முழுக்கத் தாத்தாவாக நடித்த லயனல் பாரிமோருக்குப் போகும். இரண்டாம் தடவை லேனை மட்டும் பாருங்கள். சட்டம் அவர் பக்கம், நியாயமும் அவர் பக்கம், ஆனாலும் தோற்றுக்கொண்டே போகிறார். ஒரு நொடிகூட அவர் கோமாளித்தனம் செய்வதில்லை. உண்மையாகவே வரி வசூலிக்க வந்தவராக, உண்மையாகவே பொறுமை இழப்பவராக இருக்கிறார். குரல் மெல்ல மெல்ல ஏறுகிறது. அவர் தாத்தாவின் வாதத்தைக் கொஞ்சம் ரசித்துவிட்டால்கூடக் காட்சி சப்பென்று ஆகிவிடும். சுவர் உறுதியாக இருந்தால்தான் பந்து திரும்பி வரும். கேரக்டர் ஆக்டர் பல நேரம் அந்தச் சுவர். பந்தடித்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். சுவரை யாரும் பாராட்டுவதில்லை.

இதில் லேனுக்குச் சந்தோஷம் இருந்ததா? இல்லை என்பதைப் பேட்டிகளில் அவர் மறைக்கவில்லை. ஒரு வகை வேடத்தை நன்றாகச் செய்துவிட்டால் அந்த வகையிலேயே முத்திரை குத்திவிடுகிறார்கள், ஆள் எடுப்பவர்களுக்கு வேலை சுலபம், நடிகனுக்கு வேறு எதையும் செய்துகாட்ட வாய்ப்பே கிடைப்பதில்லை, இது முட்டாள்தனம், அநியாயமும்கூட என்பது அவர் குறை. டைப்காஸ்ட் என்பார்களே, அதுதான். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த முத்திரைதான் அவருக்கு அறுபது ஆண்டுக்கும் மேல் சோறு போட்டது. அதே காலத்தில் அவரைவிட அழகான, அவரைவிடப் பெரிய வேடங்கள் செய்த எத்தனையோ நாயகர்கள் ஐந்தாறு ஆண்டில் காணாமல் போனார்கள். நாயகனுக்கு முடி நரைத்தால் கவலை. கறாரான கிளார்க்குக்கு நரைத்தால் பதவி உயர்வு. அடுத்த படத்தில் மேலாளர்.

இந்த விஷயத்தில் வால்டர் பிரென்னனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவரும் எக்ஸ்ட்ராவாகத் தொடங்கியவர். ஒரு விபத்தில் பற்கள் போய்விட, பொய்ப்பல்லைக் கழற்றினால் எழுபது வயதுக் கிழவர், மாட்டினால் நடுத்தர வயது என்று அதையே தொழிலாக்கிக்கொண்டார். துணை நடிகருக்கான ஆஸ்கர் என்ற பிரிவே 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதலில் வந்தது. அதை முதலில் வாங்கியவர் பிரென்னன். 1938, 1940 படங்களுக்கும் சேர்த்து மொத்தம் மூன்று. ஆரம்பத்தில் துணை நடிகர்களுக்கு முழுச் சிலைகூடக் கொடுக்கவில்லை, ஒரு பட்டயம்தான். பெண்களில் தெல்மா ரிட்டர் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வாங்கவில்லை. லேன் அந்தப் பட்டியலுக்கே போகவில்லை. இரண்டு நிமிடம் வருபவருக்கு எந்தப் பிரிவில் கொடுப்பது?

ஆனால் வேறோர் இடத்தில் லேன் முன்வரிசையில் இருந்தார். 1933-இல் நடிகர்கள் ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட் என்ற சங்கத்தைத் தொடங்கியபோது சேர்ந்த ஆரம்பகால உறுப்பினர்களில் அவரும் ஒருவர். நேர வரம்பில்லாத படப்பிடிப்பு, சம்பள வெட்டு என்று இருந்த காலம். நட்சத்திரம் தனியாகவே பேரம் பேசிக்கொள்ளும். நாள் சம்பளக்காரர்களுக்குச் சங்கம் இல்லாமல் முடியாது.

போர்க்காலத்தில் கடலோரக் காவல்படையில் பணி. திரும்பி வந்ததும்தான் அந்த வாடகை வசூல்காரர். அதற்குப் பின் சில ஆண்டுகளில் ஸ்டுடியோ முறையே ஆட்டம் கண்டது. ஸ்டுடியோக்கள் சொந்தத் திரையரங்குச் சங்கிலிகளை வைத்திருக்கக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இன்னொரு பக்கம் தொலைக்காட்சி. படங்களின் எண்ணிக்கை சரிந்தது. சின்னப் படங்கள்தான் முதலில் போயின. நியாயமாக லேன் போன்றவர்களின் பிழைப்பும் அத்தோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு கதையை முடிக்க வேண்டிய தொலைக்காட்சிக்கு, நேரத்தை மிச்சப்படுத்தும் முகங்கள் சினிமாவைவிட அதிகமாகத் தேவைப்பட்டன.

நகைச்சுவை நடிகை லூசில் பால் அவருக்குப் பழைய சிநேகிதி, ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் அவர் கோரஸ் நடனக்காரியாக இருந்த நாட்களிலிருந்து. 'ஐ லவ் லூசி' தொடரில் 1953 ஜனவரி 19 அன்று லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி ஒளிபரப்பானது. ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் லூசியின் கணவரோடு உட்கார்ந்திருப்பவர் லேன். ஏற்கெனவே ஆறு பெண் குழந்தைகளின் அப்பா. நர்ஸ் வந்து மூன்று பெண் குழந்தைகளைக் காட்டுகிறார். ஆக ஒன்பது! அந்தச் சிடுமூஞ்சி நொறுங்குவதைப் பார்க்கத்தான் அத்தனை ஆண்டுச் சிடுசிடுப்பும் என்று தோன்றும்.

1962-இல் 'தி லூசி ஷோ'வில் வங்கிக்காரர் பார்ன்ஸ்டால் என்ற தொடர் வேடம் கிடைத்தது. அது நிலைக்கவில்லை. லூசில் பால் முதலிலேயே விரும்பியவர் கேல் கார்டன் என்ற நடிகரை. அவருடைய வேறு ஒப்பந்தங்கள் முடிந்ததும் அவர் வந்து உட்கார்ந்தார், லேன் எழுந்துகொண்டார். எழுந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக 'பெட்டிகோட் ஜங்ஷன்' தொடருக்குப் போய், ஒரு குட்டி ரயிலை எப்படியாவது நிறுத்திவிடத் துடிக்கும் ரயில்வே அதிகாரி ஹோமர் பெட்லோ ஆனார். ஒரு தலைமுறை அமெரிக்கக் குழந்தைகள் அவரை வெறுத்து மகிழ்ந்தது அந்த வேடத்தில்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சி பழைய படங்களை வாங்கித் திரும்பத் திரும்பப் போடத் தொடங்கியபோது, அதில் நடித்தவர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1960 மார்ச்சில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. ஆறு வாரம். அப்போது சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். முடிவில் 1960-இலிருந்து எடுக்கப்படும் படங்களுக்கு மறு ஒளிபரப்புத் தொகை உண்டு என்றும், 1948 முதல் 1959 வரையிலான படங்களுக்கு ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கென ஒரு மொத்தத் தொகையோடு சரி என்றும், அதற்கும் முந்தையவற்றுக்கு ஒன்றுமில்லை என்றும் ஒப்பந்தமானது. 1974-இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தின் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால், அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைப் போட்டுத் தள்ளின. லேனின் முகம் வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்படித்தான். ஒவ்வோர் ஒளிபரப்புக்கும் அவர் கைக்கு வந்தது பூஜ்யம். 1946-இல் வாங்கிய சம்பளம்தான் அந்தக் காட்சிக்கு அவர் பார்த்த கடைசிக் காசு.

1931-இல் கைப்பிடித்த ரூத் கோவெல் 2002-இல் இறக்கும்வரை அவரோடு இருந்தார். லேன் தொண்ணூறு வயதிலும், 1995-இல், ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார். 2005-இல் அவருடைய நூறாவது பிறந்தநாளையொட்டி ஒரு தொலைக்காட்சி விருது விழாவில் கௌரவித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். யாருக்காவது தேவைப்பட்டால் எனக்கு இன்னும் கால்ஷீட் இருக்கிறது என்றார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறு ஆண்டு ஒரு குறும்படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தார்.